பெரியப்பா அனுப்பும் ஃபார்வர்டு

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அடிக்கடி வெள்ளம், விபத்துப் படங்களை ‘இன்று காலை’ என்று போடுகிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, தேனி

பதில்: செய்தியின் மேல் இரட்டை அம்பு இருந்தால், அது உங்களிடம் வருமுன் குறைந்தது 5 கை மாறியிருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அம்பு இல்லையே என்று நம்பிவிடவும் கூடாது. படத்தை இறக்கி மறுபடி ஏற்றினாலோ, எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ அம்பு போய்விடும். ஆள்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

படத்தைச் சேமித்து, படத்தை வைத்தே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸில் திறங்கள். மேலே ஒட்டிய வாசகத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு திசைமாறிப் போகும். கிடைப்பதில் பழைய தேதியுள்ள பக்கத்தைப் பாருங்கள். ‘இன்று காலை’ வெள்ளம் 2015 சென்னையாக இருக்கலாம். வீடியோ என்றால் கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். ஒன்றுமே சிக்கவில்லை என்றால் அது புதுப் படம் என்று பொருளல்ல. இணையத்தில் பதிவாகாமலும் இருக்கலாம்.

பழைய படம்தான் என்று தெரிந்தால் குழுவில் போட்டு உடைக்காதீர்கள். பெரியப்பாவுக்குத் தனியாக இணைப்பை அனுப்பினால் அவரே அழித்துவிடுவார். ‘அனைவருக்கும் நீக்கு’ வசதிக்குக் கால வரம்பு உண்டு, அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.