தகரக் கட்டர் மூட்டில் ஒழுக்கு: வாசகர் கேள்வி - பதில்

மாடியில் ஷீட் கூரை போட்டு, அதற்கு ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்பு) கட்டர், அதாவது கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வைத்திருக்கிறோம். 8 அடித் துண்டுகள் 4. மூன்று மூட்டுகளிலும் ஒழுகுகிறது. போன ஐப்பசியில் கீழிருந்து எம்-சீல் வைத்து அடைத்தோம். இந்த வருடம் அதன் ஓரமாகவே சொட்டுகிறது. இன்னும் கெட்டியாக எதைப் பூசலாம்?
- வாசகர், கடலூர்

கெட்டியாக எதையும் பூச வேண்டாம். எம்-சீல் கல்லாக இறுகிவிட்டதுதான் உங்கள் கோளாறே. வெயிலில் 60 டிகிரிக்குக் காயும் தகடு, திடீர் மழையில் 25 டிகிரிக்கு இறங்குகிறது. 32 அடி நீளத்துக்கு அந்த ஏற்ற இறக்கத்தில் இரும்புத் தகடு ஏறக்குறைய 4 மி.மீ. நீண்டு சுருங்கும். அந்த அசைவு மூட்டில்தான் வந்து சேரும். இறுகிய பசை கூடவே அசையாது, ஓரத்தில் விட்டுக்கொள்ளும். போதாததற்குக் கீழிருந்து வைத்திருக்கிறீர்கள். மேலே நிற்கும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே தேங்கித் துருவும் பிடிக்க வைக்கும். ரப்பர் போல இழுபடும் சீலன்ட்டை உட்புறமாக வைப்பதுதான் வழி.

சீலன்ட் வாங்கப் போவதற்கு முன் வாட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் கீழே இறங்கும் மூலைக்குழாய்க்கு எதிர்முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மூட்டருகே தேங்கினால் எந்த விலைச் சீலன்ட்டும் நிற்காது. 10 அடிக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். உங்கள் நீளத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். ட்யூப் லெவல் வைத்து நூல் கட்டி, கிளாம்ப்பை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம்.

அடுத்து, தகடு ஏறியிருக்கும் திசை. ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிகிறதே, அதே முறைதான்: தண்ணீர் வரும் பக்கத் துண்டு உள்ளே, போகும் பக்கத் துண்டு அதற்கு வெளியே. ஏறுகை, அதாவது ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம், 4 அங்குலம் இருப்பது நல்லது. மாற்றிப் பொருத்தியிருந்தால் கழற்றித் திருப்பிப் போடச் சொல்லுங்கள். தகட்டின் விளிம்பு தண்ணீருக்கு எதிர்முகமாக நிற்கும்வரை ஒழுக்கு திரும்பத் திரும்ப வரும்.

இவை சரியென்றால் வேலை ஒரு நாள்தான். பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் அல்லது நியூட்ரல் (அமிலம் விடாத) சிலிக்கான், 300 மி.லி. ட்யூப் ஒன்று போதும். 6 அங்குல அகலம், 5 அங்குல உயரக் கட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மூட்டின் சுற்று 16 அங்குலம், அதாவது 40 செ.மீ. மூட்டுக்கு மூன்று வரி வைத்தாலும் மூன்று மூட்டுக்கு 3.6 மீட்டர். 6 மி.மீ. தடிமனில் ஒரு ட்யூப் சுமார் 10 மீட்டர் ஓடும். மிச்சம் மூன்றாவது வரியைத் தடித்து வைக்கவும் ரிவிட் தலைகளுக்கும். கூடவே சீலன்ட் கன், கம்பி பிரஷ், 120 நம்பர் எமரி, தின்னர், வெள்ளைத் துணி, 4 மி.மீ. ரிவிட், சிங்க் பிரைமர்.

பழைய எம்-சீலைப் பட்டை உளியால் முழுக்கப் பெயர்த்துவிடுங்கள். பழைய ரிவிட்டை 4 மி.மீ. பிட்டால் துளைத்து எடுத்து மூட்டைப் பிரியுங்கள். துரு இருக்கும் இடத்தில் மட்டும் எமரி போடுங்கள். நல்ல தகட்டைப் பளபளவென்று தேய்த்தால் துத்தநாகப் பூச்சு போய், துரு அங்கே தொடங்கும். தேய்த்த இடத்துக்கு சிங்க் பிரைமர் அடித்துக் காயவிட்டு, மற்ற இடத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து ஆறவிடுங்கள். பியூ வைக்கிறீர்கள் என்றால் ஸ்பிரிட், சானிட்டைசர் போன்றவை ஈரமான சீலன்ட்டில் படக்கூடாது. ஆல்கஹால் பட்ட பியூ இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

ஏறுகைக்குள் குறுக்காக இரண்டு வரி வையுங்கள், இரு விளிம்பிலிருந்தும் 1 அங்குலம் உள்ளே. தகட்டைப் படியவைத்து, இரண்டு வரிக்கும் நடுவே 2 அங்குலத்துக்கு ஒரு ரிவிட் அடியுங்கள். பிறகு உட்புற விளிம்பில் மூன்றாவது வரி. அதை இருபுறமும் 1 அங்குலம் பரவும்படி, 2 முதல் 3 மி.மீ. கனம் இருக்குமாறு இழுத்துவிடுங்கள். வழித்து மெல்லிசாக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. ரிவிட் தலைகளை உள்ளிருந்து மூடுங்கள். மூட்டு ஒழுகுவதாகச் சொல்லப்படுவது பல நேரம் ரிவிட் துளை ஒழுகுவதாக இருக்கும்.

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடியுங்கள். உச்சிவெயிலில் சூடேறிய தகட்டில் பியூ கொப்புளம் விடும். ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும் என்பதால் இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுத்த சிலிக்கானைக் கட்டர் மூட்டில் வைத்தேன். வினிகர் வாடை அடித்தது. இப்போது ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஏன்?
- வாசகி, திண்டுக்கல்

அது கண்ணாடிக்கும் குளியலறை டைல்ஸுக்கும் உள்ள ரகம். இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும். அது துத்தநாகத்தை அரித்ததுதான் அந்த வெள்ளை. முழுவதையும் சுரண்டி எடுங்கள். சிலிக்கான் படலம் துளி மிஞ்சினாலும் அதன்மேல் பியூ ஒட்டாது. ட்யூபில் ‘நியூட்ரல் க்யூர்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பிவிசி கட்டர் மூட்டுகளுக்கு பிளம்பர் சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டினார். மூட்டு ஒழுகவில்லை, பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறது.
- வாசகர், பொள்ளாச்சி

பிவிசி இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரியும். 3 மீட்டர் துண்டு 30 டிகிரி வித்தியாசத்தில் 6 மி.மீ. நீளும். அதனால்தான் அதன் இணைப்பில் ரப்பர் வாசர் வைத்துத் தருகிறார்கள். துண்டு அதற்குள் வழுக்கிப் போய்வர வேண்டும். ஒட்டியதும் நீள இடமில்லாமல் பலவீனமான இடத்தில் பிளந்துவிட்டது. விரிசல் விட்ட துண்டையும் இணைப்பையும் மாற்றுங்கள். புதியதை இணைப்பில் குறித்திருக்கும் கோடு வரைதான் செருக வேண்டும். வாசரில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும், கோந்து எதுவும் வேண்டாம்.

கூரைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்த்துக் குடிக்கப் பாவிக்கிறோம். தகரப் பீலியின் (கட்டர்) மூட்டுக்கு ஈயம் வைக்கலாமா, தார் பூசலாமா?
- வாசகி, யாழ்ப்பாணம்

இரண்டும் வேண்டாம். சாதாரணப் பற்றுவைப்பு ஈயத்தில் உண்மையிலேயே காரீயம் கலந்திருக்கும். மழைநீர் மென்மையானது, சிறிது புளிப்புத் தன்மையும் உண்டு, காரீயத்தை எளிதில் கரைக்கும். தார் வெயிலில் வெடிக்கும், தண்ணீரில் வாடை ஏறும். குடிநீருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட சீலன்ட்டையே வாங்குங்கள். அது முழுக்க இறுகிய பின் வரும் முதல் மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள். 60 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 60 லீற்றர் வரும். அவ்வளவையாவது வெளியே திருப்பிவிடுங்கள்.

மழை பிடித்துக்கொண்டது. இப்போதைக்கு என்ன செய்வது?
- வாசகர், நாகப்பட்டினம்

மழை விட்ட நேரத்தில் மூட்டைத் துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, அலுமினியம் முகப்புள்ள பியூட்டைல் டேப்பை 4 அங்குல அகலத்தில் உள்ளே ஒட்டி அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் ஒரு நாள்கூட நிற்காது. தை பிறந்ததும் பிரித்துவிட்டு முறையாகச் செய்யுங்கள்.

மூன்று முறை மூட்டை அடைத்தும் சுவர் நனைகிறது.
- வாசகர், தக்கலை

மூட்டு அல்லாமலும் இருக்கலாம். மழை இல்லாத நாளில் மூலைக்குழாயைத் துணியால் அடைத்துக் கட்டரில் தண்ணீர் நிரப்பி, அடியில் சாக்பீஸ் பொடி தடவி வையுங்கள். பொடி நனையவில்லை என்றால், ஷீட் ஓரத்தைச் சுற்றி அடிப்பக்கமாக வழியும் தண்ணீர் கட்டருக்கும் சுவருக்கும் நடுவே இறங்குகிறது. ஷீட் கட்டருக்குள் 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் ஷீட்டுக்கு அடியில் ஒரு தகட்டை வைத்து, அதன் ஓரத்தைக் கட்டருக்குள் மடித்துவிடச் சொல்லுங்கள்.