ஓட்டுநர் இல்லாத கார் வந்துவிட்டால் என் மகள் படிப்பு என்னாகும்?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கும் அண்ணனுக்கு வணக்கம்.

சொந்தமாக டூரிஸ்ட் கார் வைத்து நவக்கிரகக் கோயில் சவாரி ஓட்டுகிறீர்கள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இயந்திரம், மின்னணு, கணினி மூன்றும் கலந்த பொறியியல் படிப்பான மெக்கட்ரானிக்ஸ்தான் வேண்டும் என்று நிற்கிறாள். "தானா ஓடுற வண்டி வந்துட்டா என் பொழப்பும் போச்சு, இவ படிப்பும் வீண்" என்கிறீர்கள். உங்கள் பிழைப்பைப் பற்றிய கவலைக்கு இன்னும் காலம் இருக்கிறது. மகள் படிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தானியங்கி வண்டிகளைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இப்போது நம் ஊர் ஷோரூம்களில் 'அடாஸ்' (ஓட்டுநருக்குத் துணைசெய்யும் கேமரா, சென்சார் வசதி) என்று சொல்லி விற்கிற கார்கள் பெரும்பாலும் இரண்டாம் நிலை. லேன் மாறினால் எச்சரிக்கும், முன்னால் வண்டி நின்றால் பிரேக் போடும். ஆனால் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. ஆளே இல்லாமல் ஓடுவது நான்காம் நிலை. கூகுள் 2009-இல் தொடங்கிய தானியங்கி கார் திட்டம்தான் இன்றைய வேமோ நிறுவனம். 2020-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஓட்டுநர் இல்லாமலே பொதுமக்களை ஏற்றத் தொடங்கினார்கள். அதுவும் அங்குலம் அங்குலமாக மேப் எடுத்த பகுதிக்குள் மட்டும். 2023-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் குரூஸ் என்ற நிறுவனத்தின் வண்டி பாதசாரி ஒருவரை இழுத்துச் சென்றது, ஓட்டுநர் இல்லாமல் ஓட்டும் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குரூஸின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் திட்டத்துக்குப் பணம் போடுவதை நிறுத்திவிட்டது. கோடிகோடியாகக் கொட்டியும் பாதை இவ்வளவு கரடுமுரடு.

இனி நம் ரோட்டைப் பாருங்கள். அறுவடை நேரத்தில் ரோட்டின் பாதியில் நெல் காய்கிறது, ஓரத்தில் வரிசையாகக் கருங்கல், மேலே சுருட்டிய தார்ப்பாய். எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள் லைட் அடித்து, அவர் கையைக் காட்டி, நெல்லில் டயர் ஏறாமல் ஒதுங்குகிறீர்கள். கேமராவுக்கு அந்தக் குவியல் மணலா, ரோடா, நெல்லா? அந்தக் கைசைகைக்கு என்ன அர்த்தம்? ஐப்பசி மழையில் வாய்க்கால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்போது எந்தக் கோட்டைப் பிடித்து ஓடும்? இதையெல்லாம் இயந்திரத்துக்குக் கற்றுத்தர வெகுகாலம் ஆகும். போதாததற்கு, ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் இந்த வண்டிகளை இந்தியாவுக்குள் அனுமதிக்க மாட்டேன் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் சொன்னார், 2023-லும் சொன்னார். அமைச்சர் பேச்சை நம்பி வாழ்நாள் திட்டம் போடச் சொல்லவில்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

உங்கள் சவாரியும் ஸ்டியரிங்கோடு முடிவதில்லை. திங்களூரில் தொடங்கினால் எந்தக் கோயிலை நடை சாத்துவதற்குள் பிடிக்கலாம், சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்தில் வண்டியை எங்கே போடலாம் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க, தனியாக இருக்கும் பாட்டியைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டு வாங்கித் தருவதும் நீங்கள்தான். இந்த மாற்றம் முதலில் தொடப்போவது தனிப்பாதையில் ஓடுகிறவற்றை. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பரிலேயே ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டமும் அதே வகை. அப்புறம் நான்குவழிச் சாலை லாரிகள். புதிதாக லாரி வாங்க நினைக்கிற இளைஞர் கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு தெம்பாக இருந்திருக்காது.

இப்போது பாப்பாவின் விஷயம். அடாஸ் காரின் முன்கண்ணாடியை மாற்றினால், அதன் பின்னால் இருக்கும் கேமராவைத் திரும்ப அளவுபார்த்துச் சரிசெய்ய வேண்டும். துளி கோணம் பிசகினால் பிரேக் தப்பான நேரத்தில் பிடிக்கும். இந்த வேலைக்குத் தெரிந்த கை நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எத்தனை இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சென்சார், பேட்டரி, மோட்டார், அதை இயக்கும் மென்பொருள் என்று வண்டிக்குள்ளே மாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டது. அறுவடை இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் இதுவே வரும். மெக்கட்ரானிக்ஸ் நல்ல தேர்வு. நல்ல கல்லூரியில் அது கிடைக்காவிட்டால் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்), இ.இ.இ. (மின், மின்னணு) எடுக்கட்டும். 'தானியங்கி', 'ஏ.ஐ.' என்று பாடப்பிரிவின் பெயரில் மினுக்கினால் மயங்க வேண்டாம். கணிதமும், இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் சிஸ்டம் பாடமும், சி என்ற நிரல்மொழியும் உறுதியாக இருந்தால் எந்தத் துறைக்கும் தாவலாம்.

பணம் குறித்து ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவாள், கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்திருந்தாலும் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நாளில் தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டாம். கலந்தாய்வில் கல்லூரி சாய்ஸ் கொடுப்பதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். மனதில் இருக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு மகளோடு நேரில் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓடுகிற மோட்டாரும் மாணவர்கள் கைபட்ட போர்டும் இருக்கிறதா, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். பார்த்துவிட்டுப் பட்டியலோடு வாருங்கள், எதை முதலில் போடுவது என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.