கம்மல் முகப்பா, திருகாணியா?

கேள்வி: அக்கா, பல வருஷமாகப் போட்ட கம்மல்தான். இப்போது போட்டால் இரண்டாம் நாளே காது மடல் சிவந்து, அரித்து, நீர் கசிகிறது. அசல் தங்கம், அதனால் ஒன்றும் வராது என்கிறார் கணவர். இனி எனக்கு மூளிக் காதுதானா?

பதில்: மூளிக் காதெல்லாம் வேண்டாம். உங்கள் காதில் நடப்பது அநேகமாக நகையில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகத்தின் அலர்ஜி. எனக்கும் நிக்கல் ஆகாது, கம்மல் இல்லாமலும் நான் வெளியே கிளம்புவதில்லை. பல வருஷம் ஒத்துக்கொண்டது திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவது இந்த அலர்ஜியின் வழக்கம். உடம்பு அந்த உலோகத்தோடு பழகிப் பழகி ஒரு நாள் பகையாக்கிக்கொள்ளும். அந்தப் பகை பெரும்பாலும் ஆயுளுக்கும் தீராது. தொட்ட உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதால், சனிக்கிழமை போட்ட கம்மலை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை தேய்த்த ஷாம்புவைத் திட்டுவோம்.

கம்மலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். முகப்பு தங்கம், சரி. துளைக்குள் போகிற தண்டு? திருகாணி? நடுவில் ஒரு தடவை தொலைந்து வேறு வாங்கி மாட்டினீர்களா? சிவப்பு காதின் பின்பக்கம் அதிகம் என்றால் என் சந்தேகம் திருகாணி மேல்தான். நிக்கலைக் கண்டுபிடிக்கும் திரவம் சின்னக் குப்பியில் கிடைக்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு விட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். கையோடு வாட்ச் கொக்கி, மூக்குக்கண்ணாடி, ஜீன்ஸ் பட்டன் எல்லாவற்றையும் தேய்த்துப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே தீராத அரிப்பு இருந்தால் அந்த பட்டன்தான் முதல் குற்றவாளி.

22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அதில் பயம் குறைவு. ஒயிட் கோல்டு வாங்கும்போதுதான் கேட்க வேண்டும், வெள்ளை நிறத்துக்கு நிக்கல் கலப்பதுண்டு. மேலே பூசிய ரோடியம் என்ற உலோக முலாம் தேய்ந்ததும் வேலையைக் காட்டும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். அதில் 316எல் என்ற வகையில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் வரை உண்டு. உலோகத்துக்குள் இறுகிக் கிடப்பதால் பலருக்கு ஒன்றும் செய்யாது, ஆனாலும் புண்ணான துளைக்கு வேண்டாம். டைட்டானியம், நியோபியம், பிளாட்டினம் மூன்றும் நம்பலாம். காது முழுசாக ஆறிய பிறகு மாட்டுங்கள். சீழ் பிடித்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: கண் இமை வீங்கி உரிகிறது. மையை மாற்றினேன், அப்புறம் நிறுத்தியே விட்டேன். அப்படியும் போகவில்லை.

பதில்: நகத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நெயில் பாலிஷில் உள்ள பிசின் ஆகாதவர்களுக்கு நகத்தடியில் ஒன்றும் தெரியாமல் இமையில் வரும். நகம் தடிமன், இமைத் தோலோ உடம்பிலேயே மெல்லியது. பாலிஷ் முழுதாகக் காய்வதற்குள் கண்ணைக் கசக்கினால் போதும். ஜெல் பாலிஷில் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது இன்னும் மோசம். சில வாரம் வெறும் நகத்தோடு இருந்து பாருங்கள்.

தலைக்கு டை அடிப்பவராக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பிபிடி என்ற சாயம் தலையை விட்டுவிட்டு இமையையும் காதையும் வீங்க வைக்கும். ஒரு தடவை அப்படி வீங்கியிருந்தால் 'கொஞ்சமாகத் தடவிப் பார்க்கிறேன்' என்ற விளையாட்டே கூடாது. புது க்ரீம் என்றால் முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பார்க்கலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. போகும்போது வீட்டில் உள்ள பாட்டில், ட்யூப், டப்பா எல்லாவற்றையும் லேபிளோடு ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், அந்தப் பாலிஷ் உட்பட.