சத்தம் தாங்காமல் குடிப்பவர்கள்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வணக்கம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யச் சிரமப்படுபவர்களுக்குப் பயிற்சி தருபவர். முதலில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை பார்த்தேன், அப்புறம் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தில். சத்தம், வெளிச்சம், தொடுதல் தாங்காத அதே ஆட்களைத்தான் இரண்டு இடத்திலும் பார்த்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

என் கணவர் கல்யாண வீடு, திருவிழா என்றால் குடிக்காமல் வரவே மாட்டார் மேடம். மேளச் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது என்கிறார். சாக்குதானே?

சாக்காகவும் இருக்கலாம். உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்: குடியே தெரியாத வயதில், தீபாவளிக்குக் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையில் கிடந்தாரா, சட்டைக் காலரில் இருக்கும் துணி லேபிளை வெட்டினால்தான் போடுவேன் என்று அழுதாரா, வெண்டைக்காயின் கொழகொழப்புக்கே குமட்டினாரா? ஆமாம் என்றால் அவர் சொல்வதை நம்புங்கள். மூளையில் அடக்கி வைக்கும் ரசாயனம் காபா, தூண்டிவிடுவது குளூட்டமேட். மது முதலாவதைக் கூட்டி இரண்டாவதை மட்டுப்படுத்துகிறது, அதனால் மேளம் நிஜமாகவே தள்ளிப் போகிறது. கொஞ்ச நேரத்தில் கேட்கிற மருந்தை யார் விடுவார்கள், சொல்லுங்கள்.

அண்ணன் தினமும் குடிப்பவர். நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. மிக்ஸி ஓடினாலே கத்துகிறார், டியூப்லைட் கண்ணைக் குத்துகிறதாம்.

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம், இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இத்தனை நாள் மது அழுத்திப் பிடித்திருந்த நரம்புகள் பிடி விட்டதும் துள்ளுகின்றன. அதனால்தான் இந்த நிலையை அளக்கும் அட்டவணையிலேயே, வெளிச்சம் அதிகமாகத் தெரிகிறதா, சத்தம் கடுமையாகக் கேட்கிறதா, தோலில் ஏதாவது ஊர்கிறதா என்று கேட்பார்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன்பின் சித்தப்பிரமை வரலாம், உயிர்கூடப் போகலாம். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள்.

எங்கள் பையன் நேரெதிர். காரம், வேகம், காது கிழியும் பாட்டு, இப்போது கஞ்சா. ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) இருக்கிறது.

வின்னி டன் என்ற ஆய்வாளர் 1997இல் சத்தம், தொடுதல் போன்ற புலன் செய்திகளை ஆட்கள் எதிர்கொள்ளும் விதத்தை நான்காகப் பிரித்தார்: புலன் செய்தி சரியாக எட்டாதவர், தேடிப் போகிறவர், எளிதில் நோகிறவர், ஒதுங்குகிறவர். உங்கள் பையன் தேடுகிறவர் போலத் தெரிகிறது. சும்மா உட்கார் என்றால் அவருக்கு அது தண்டனை. கபடி, நீச்சல், பறை, எடை தூக்குவது என்று உடம்புக்கு நன்றாக வேலை கொடுங்கள். ஆனால் மனநல மருத்துவரையும் பார்த்தே ஆக வேண்டும். ஏடிஹெச்டிக்குச் சரியான சிகிச்சை இல்லாமல் கஞ்சாவை மட்டும் பிடுங்கினால் வேறொன்றுக்குப் போவார், அதோடு இந்த வயதில் கஞ்சா மனச்சிதைவு அபாயத்தையும் கூட்டுகிறது.

ஆட்டிசம் உள்ளவர்கள் குடிக்க மாட்டார்கள் என்று படித்தேனே?

பாதி சரி. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021இல் 2,386 பேரிடம் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் குடி குறைவாகத்தான் இருந்தது. ஆனால் தங்கள் அறிகுறிகளைச் சமாளிக்கவே போதைப்பொருள் எடுப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அவர்களிடம் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. புலன்களில் எல்லாம் ஒரேயடியாக வந்து மோதுவதைக் குறைக்கத்தான் என்று சிலர் எழுதியே கொடுத்தார்கள். எனக்கு இந்த ஆய்வு ஆச்சரியம் தரவில்லை, வருத்தம்தான் தந்தது.

புலன் சிக்கல் என்று டாக்டர் சான்றிதழ் தருவாரா?

தனி நோயாகத் தருவது கடினம். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் அது தனி நோயாக இல்லை, ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் மையத்தில் என்னதான் செய்வீர்கள்?

விசைத்தறியில் வேலை பார்த்த ஒருவர், மூன்றாவது தடவையாகச் சேர்ந்தவர், குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம்கூட உட்கார மாட்டார். ஒத்துழைக்காதவர் என்று ஃபைலில் எழுதியிருந்தது. அந்தக் கூடத்தில் போய் நானே உட்கார்ந்தேன். நான்கு மின்விசிறி, விட்டுவிட்டு எரியும் ஒரு டியூப்லைட், பக்கத்துச் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம், முப்பது பேர் தோளோடு தோள். அவரிடம் கேட்டால், தறிச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தபின் தன் குழந்தை பேசுவதுகூட அடிப்பது போல இருக்கும், ஒரு கட்டிங் போட்டால்தான் வீட்டுக்குள் போக முடியும் என்றார். இதை அவரிடம் அதுவரை யாருமே கேட்கவில்லை. கூட்டத்தை வராந்தாவுக்கு மாற்றினோம், சுவர் ஓரமாக இடம் கொடுத்தோம், படுக்கும்போது கனமான போர்வை, வேலைக்குக் காதடைப்பான். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் அரை மணி நேரம் தனியாக நடந்துவிட்டுப் போகச் சொன்னோம், அந்த நேரத்தில் யாரும் போன் செய்யக் கூடாது என்று அவர் மனைவியிடமும் பேசினோம். மருந்தும் கவுன்சலிங்கும் கூடவே நடந்தன, அவை இல்லாமல் இது மட்டும் போதாது. நடுவில் ஒரு தடவை குடித்தார், தானே வந்து சொன்னார். அதன்பின் நான்காவது தடவை சேரவில்லை.

எங்கே கூப்பிடுவது?

போதைக்கு 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம். பேசும்போது சத்தம், வெளிச்சம், தொடுதல் பற்றியும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களாகக் கேட்பதில்லை.