தென்னாப்பிரிக்காவின் கட்டண டிவி சேவையான டிஎஸ்டிவி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டதே, வெளிநாட்டவருக்கு 20 சதவீதம்தான் என்ற சட்டம் என்ன ஆனது? தமிழ் சேனல்கள் நிற்குமா?

சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கம்பெனியின் அமைப்பைத்தான் மாற்றினார்கள்.

2005-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, வணிக ஒளிபரப்பு உரிமம் உள்ள கம்பெனியை வெளிநாட்டவர் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டுப்படுத்தக் கூடாது. அதில் அவர்களுடைய நிதி நலனோ வாக்குப் பங்கோ 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இயக்குநர்களிலும் அதே அளவுதான்.

பிரெஞ்சு நிறுவனமான கனால் பிளஸ், டிஎஸ்டிவியை நடத்தும் மல்டிசாய்ஸ் குழுமத்தின் பங்குகளைச் சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி 2024 தொடக்கத்தில் 35 சதவீதத்தைத் தாண்டியது. அந்த எல்லையைத் தாண்டினால் மற்ற எல்லாப் பங்குதாரர்களுக்கும் விலை சொல்லியாக வேண்டும். பங்குக்கு 125 ரேண்ட் சொன்னார்கள். போட்டித் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் நிபந்தனைகளோடு அனுமதித்தது, செப்டம்பர் 22 அன்று கட்டுப்பாடு கைமாறியது. இதற்காக, உரிமமும் உள்நாட்டுச் சந்தாதாரர்களும் உள்ள கம்பெனியைக் குழுமத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தினார்கள். லைசென்ஸ்கோ என்று சொல்வது அதைத்தான். அதில் மல்டிசாய்ஸ் குழுமத்துக்கு வாக்கு 20 சதவீதம், பொருளாதாரப் பங்கு 49 சதவீதம். மீதி, பொதுமக்கள் பங்கு வாங்கிய புத்தூமா நாத்தி திட்டம் போன்ற உள்ளூர் கறுப்பின முதலீட்டாளர்களிடமும் (சட்டப்படி இதில் இந்திய வம்சாவளியினரும் அடக்கம்) தொழிலாளர் அறக்கட்டளையிடமும் இருக்கிறது.

வாக்கு 20-க்குள் அடங்குகிறது, சரி. ஆனால் பிரிவு 64 வாக்கை மட்டும் பேசவில்லை, நிதி நலனையும் சேர்த்தே பேசுகிறது. அந்த 49 எப்படிப் பொருந்துகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. தீர்ப்பாயம் பார்த்தது போட்டியையும் பொதுநலனையும். உரிமம் பற்றிய கேள்வியை ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவிடம் கேட்க வேண்டும்.

சதவீதத்தைவிட எனக்குக் கவலை தருவது ஒப்பந்தங்கள். லைசென்ஸ்கோ தனக்கு வேண்டிய நிகழ்ச்சிகளையும் தொழில்நுட்பத்தையும் குழுமத்திடமிருந்தே விலை கொடுத்து வாங்குகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எல்லாச் செலவும் போக 100 ரேண்ட் லாபம் நின்றால் உள்ளூர்ப் பங்குதாரர்களுக்கு 51. குழுமம் தன் சேவை விலையை 40 ரேண்ட் ஏற்றினால் லாபம் 60 ஆகும், உள்ளூர்க்காரர் பங்கு 30.60 ஆகச் சுருங்கும். குழுமத்துக்கோ 29.40 லாபத்தோடு அந்த 40-ம் சேர்ந்து 69.40. ஒரு பங்குகூடக் கைமாறவில்லை, ஒரு வாக்குகூடக் கூடவில்லை. ஆண்டறிக்கை வந்தால் முதல் பக்கத்துப் படங்களை விட்டுவிட்டு, கடைசியில் உள்ள குறிப்புகளில் தொடர்புடைய தரப்புகளுடனான பரிவர்த்தனைகளைப் படியுங்கள். வருடத்துக்கு வருடம் அந்தத் தொகை சந்தா வருமானத்தைவிட வேகமாக ஏறினால் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

செய்தி விஷயத்திலும் இதே கதைதான். சேனல் எண் 403-இல் வரும் ஈஎன்சிஏவும் 405-இல் வரும் நியூஸ்ரூம் ஆப்பிரிக்காவும் டிஎஸ்டிவி ஒப்பந்தத்தை நம்பி நிற்பவை. முன்பு அதே 405-இல், முன்னாள் அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான குப்தா குடும்பம் தொடங்கிய ஏஎன்என்7 இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று 2018 ஜனவரியில் மல்டிசாய்ஸ் சொன்னது, ஆகஸ்டில் சேனல் திரையிலிருந்து போனது. அந்தச் சேனலுக்காக நான் வருந்தவில்லை. ஆனால் தணிக்கை எதுவும் இல்லாமல், ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்தாலே ஒரு செய்தி சேனலை மூடிவிடலாம் என்பதை அது காட்டியது. இப்போது அந்தப் பேனா யாரிடம்? கனால் பிளஸில் சுமார் 30 சதவீதத்தோடு முதல் பங்குதாரராக இருப்பது போலோரே குழுமம். பிரான்சில் கனால் பிளஸின் சிநியூஸ் செய்தி சேனல் மீது ஒழுங்குமுறை ஆணையம் பலமுறை அபராதம் போட்டிருக்கிறது. அதன் இன்னொரு சேனலான சி8-இன் உரிமத்தை ஆணையம் புதுப்பிக்காததால் அது 2025 பிப்ரவரி இறுதியில் நின்றது. ஈஎன்சிஏ, நியூஸ்ரூம் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

தமிழ் சேனல்கள்: தீர்ப்பாயத்தின் நிபந்தனைகளில் சொன்ன சுமார் 2,600 கோடி ரேண்ட் பொதுநலத் தொகுப்பில் தென்னாப்பிரிக்கத் தயாரிப்புகளுக்கு ஆதரவு உண்டு. சென்னையிலிருந்து வரும் சீரியல் அந்தக் கணக்கில் வராது. அதற்கு வேறொரு விநியோக ஒப்பந்தம், அது லாபம் பார்த்தே ஓடும். மல்டிசாய்ஸ் 2025 மார்ச்சோடு முடிந்த இரண்டு நிதியாண்டுகளில் சுமார் 28 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. இந்த நிலையில் சின்னத் தொகுப்புகளைத்தான் முதலில் எடை போடுவார்கள். டர்பனிலேயே தமிழ் நிகழ்ச்சி எடுக்கிறவர்களுக்கு மாறாக ஒரு வழி திறந்திருக்கிறது. உள்ளூர்த் தயாரிப்பு, சிறு நிறுவனம் என்ற இரண்டு தகுதிகளையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். இந்திய வம்சாவளியினருக்கான வானொலி லோட்டஸ் எஃப்எம், அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி உடையது, அதை இந்த இணைப்பு தொடாது.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் 2006-இல் பங்கு 10 ரேண்ட் என்று புத்தூமா நாத்தி வாங்கிய வீடுகள் உண்டு. 125 ரேண்ட் விலை மல்டிசாய்ஸ் குழுமப் பங்குக்கு மட்டும்தான், உங்கள் பங்குக்கு அல்ல. யாராவது அந்த விலையைச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். உங்கள் பங்கின் மதிப்பு டிவிடெண்டில் இருக்கிறது, அதாவது மேலே சொன்ன 51-க்கும் 30-க்கும் நடுவில்.

புகார் செய்ய வேண்டி வந்தால் இடம் மாறிவிடக் கூடாது. செய்தியோ நிகழ்ச்சியோ தவறாக இருந்தால் ஒளிபரப்புப் புகார் ஆணையமான பிசிசிஎஸ்ஏ: ஒளிபரப்பான 30 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், சேனல், தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும். பில், சேவை என்றால் முதலில் டிஎஸ்டிவியிடம் எழுதி ரெஃபரென்ஸ் எண் வாங்குங்கள். 14 வேலை நாளில் தீரவில்லை என்றால் அந்த எண்ணோடு இகாசாவுக்குப் போங்கள், எண் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.