அம்மாவின் இன்சுலினும் கிளினிக் நாளும்

தங்கச்சி, ஒட்டுசுட்டான் பக்கம், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி இல்லை, போகாவிட்டால் ஏச்சு என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கவனமில்லாதவர் இல்லை. மருந்து இலவசம்தான், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இலவசமில்லையே!

முதலில் இன்சுலின். பாவனையில் உள்ள குப்பி 30 பாகை செல்சியசுக்குள் இருந்தால் பெரும்பாலும் 4 கிழமை தாங்கும் (குப்பியோடு வரும் தாளைப் பாருங்கள்). வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது நடக்காது. பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி, காற்றுப்படும் நிழல். குப்பியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வையுங்கள். திறக்காத குப்பிகளை ஃபிரிட்ஜ் உள்ள அயல்வீட்டில் கொடுத்து வைக்கலாம். ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம், உறைந்தால் வீண்.

அப்புறம், டொக்டரிடம் கூலிக் கதையை நேரே சொல்லுங்கள். கிட்டடியில் உள்ள பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாற்றக் கடிதம் கேளுங்கள். அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவிப்பணம்) கிடைக்கவில்லையென்றால் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

வெறுவயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளில் ஊசி எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் மாமி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறி, வரிசையிலேயே மயங்கி விழுந்தார்.