வாயைத்தான் கட்டினோம், வயிற்றை அல்ல

தாடை அறுவை செய்துகொண்டவர்களின் வீட்டாரிடமிருந்து வந்த கேள்விகள் சில. எலும்பு முறிவும் புற்றுநோயும் கலந்தே வந்திருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான கடிதங்களில் ஒரே கவலை: என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

பைக்கிலிருந்து விழுந்து என் மகனுக்குக் கீழ்த்தாடை முறிந்துவிட்டது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். நான்கு வாரம் இப்படியே இருக்க வேண்டுமாம். இளநீர், கஞ்சித்தண்ணீர், பழச்சாறு கொடுக்கிறோம். ஆள் பாதியாக இளைத்துவிட்டான்.
– ஒரு தாய், பல்லடம்

இளைக்காமல் என்ன செய்வான் அம்மா? நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். முறிந்த எலும்பு கூடவும் தையல் போட்ட சதை ஒட்டவும் புரதம் வேண்டும். அறுவைக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. மகன் 60 கிலோ என்றால் நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 32 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் பத்துக்கு மேல். மீதியைப் பால் பவுடரும் கோழிக்கறியும் ஈடுகட்டும்.

நம் ஊர் அரிசிம்பருப்புச் சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயைக் குறைத்துக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, பால் அல்லது பருப்புத் தண்ணீர் சேர்த்து மிக்சியில் இரண்டு முறை அடித்து வடிகட்டினால் போதும். முட்டையை வேகவைத்துத்தான் அடிக்க வேண்டும். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். நாமக்கல்லிலிருந்து நேராக வந்த முட்டைக்கும் விதிவிலக்கு இல்லை. கோழிச்சாறு கொடுப்பவர்கள் சாற்றை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுக் கறியை வீட்டார் சாப்பிட்டுவிடுகிறார்கள். புரதம் கறியில்தான் இருக்கிறது. எலும்பில்லாத கறியை வேகவைத்துச் சாற்றோடு சேர்த்து அரைத்துக் கொடுங்கள்.

பல் கட்டியிருந்தாலும் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இடைவெளி இருக்கும். சிரிஞ்சு முனையில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டிக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெதுவாக விட்டால், உணவு அந்த வழியாக உள்ளே போய்விடும். நிமிர்ந்து உட்கார வைத்தே கொடுங்கள். ஸ்ட்ரா வேண்டாம்; உறிஞ்சும் இழுப்பு தையலைச் சோதிக்கும். ஒரே மூச்சில் நிறையக் கொடுக்காமல் இரண்டு மணிக்கொரு முறை கொடுங்கள். வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பாருங்கள்.

இன்னொன்று: கம்பியை வெட்டும் கட்டரை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, எந்தக் கம்பியை வெட்டுவது என்றும் காட்டச் சொல்லுங்கள். அது எப்போதும் மகன் அருகிலேயே இருக்க வேண்டும். வாந்தி வந்தால் உடனே முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். திரவ உணவு பற்களின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். மூச்சுத் திணறினால் மட்டும் வெட்ட வேண்டும்.

முட்டை, தயிர், கத்தரிக்காய் எதுவும் கொடுக்காதே, புண் சீழ் பிடிக்கும் என்று மாமியார் தடுக்கிறார். மஞ்சள் தூளைப் புண்ணில் வைக்கச் சொல்கிறார்.
– கோபிசெட்டிபாளையம்

சீழ் பிடிக்கக் காரணம் கிருமி, கத்தரிக்காய் அல்ல. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பொருளை மட்டும் தவிர்த்தால் போதும். பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் பாலையும் நிறுத்தி, புண் ஆறவில்லை என்று மறுபடி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் மனம் மாறலாம். பாலில் மஞ்சள் கலந்து கொடுப்பதில் தவறில்லை. வாய்த் தையலில் எந்தத் தூளும் படக் கூடாது, அது ஈரோட்டு மஞ்சளானாலும். உண்மையில் தடுக்க வேண்டியவை புகையிலை, பீடி, மது. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள். கொய்யா, நெல்லிக்காய்ச் சாறு நல்லது. எரிச்சல் தந்தால் நீர் சேர்த்துக் கொடுங்கள்.

வாய்ப்புற்றுக்காக என் அப்புச்சியின் தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். மூக்குக் குழாய் வழியாக ராகிக் கஞ்சி கொடுக்கிறோம். இரண்டு முறை குழாய் அடைத்துக்கொண்டது.
– தாராபுரம்

ராகி ஆற ஆற இறுகும், அதுதான் காரணம். முளைகட்டி வறுத்து அரைத்த ராகி மாவுக்கு மாறுங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி நீர்த்திருக்கும். அதே அளவு கஞ்சியில் கூடுதல் மாவும் சேர்க்க முடியும். மெல்லிய துணியில் வடிகட்டி, மிதமான சூட்டில் கொடுங்கள்.

ஒவ்வொரு முறையும் உணவுக்கு முன்னும் பின்னும் 30 முதல் 50 மில்லி வெதுவெதுப்பான நீர் விட வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாதீர்கள். அழுத்தும் தண்டைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும். 200 மில்லிக்குக் கால் மணி நேரமாவது ஆகட்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள். மாத்திரைகளைப் பொடிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடிப்பது ஆபத்து.

அடைத்தால் வெதுவெதுப்பான நீரை மெல்ல விட்டு இழுத்துப் பாருங்கள். கம்பி, ஊசி எதையும் நுழைக்காதீர்கள். மூக்கருகே குழாயில் உள்ள அடையாளம் நகர்ந்திருந்தால் நீங்களே உள்ளே தள்ள வேண்டாம். உணவை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரலுக்குள் கஞ்சி போனால் விபரீதம். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலும் அப்படியே நிறுத்துங்கள்.

வாய்த் தையல் பிடித்து, விழுங்குவதைச் சோதித்த பிறகே குழாயை எடுப்பார்கள். நான்கு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பதைப் பற்றிக் கேளுங்கள். மூக்கு உறுத்தாது, பெரியவருக்கும் நிம்மதி.

வாய்க்குள் தையல் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சீழா? பல்லும் பழுப்பாகிவிட்டது.
– பொள்ளாச்சி

வாய்ப்புண் வெளிப்புண்ணைப் போலப் பொருக்குத் தட்டாது. வெள்ளை அல்லது மஞ்சள் படலமாகவே ஆறும். சுரண்டாதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கமும் வலியும் குறையாமல் ஏறுவது, காய்ச்சல், கெட்ட சுவையுடன் நீர் வடிவது ஆகியவைதான் எச்சரிக்கை. பழுப்பு, குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கொப்பளிப்பு மருந்தால் வந்திருக்கும். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்தால் போய்விடும். பற்பசையால் துலக்கி அரை மணி நேரம் கழித்தே அந்த மருந்தைப் பயன்படுத்துங்கள்.

முறிந்த தாடை எலும்பில் உலோகப் பிளேட் வைத்திருப்பதால் கம்பி கட்டவில்லை. பள்ளிபாளையம் சிக்கன் எப்போது சாப்பிடலாம்? கீழுதடு மரத்திருக்கிறது.
– கரூர்

பிளேட் எலும்பை அசையாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எலும்பு கூட ஆறு வாரமாவது ஆகும். அதுவரை குழைந்த சாதம், இட்லி, உப்புமா. சிக்கன் அதற்குப் பிறகு, மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்றால். முறுக்கும் கரும்பும் இன்னும் தள்ளிப் போகட்டும். உதட்டு மரமரப்பு பெரும்பாலும் மெதுவாகக் குறையும், மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை காபியின் சூட்டை உதட்டால் அறிய முடியாது. கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.